பின்பலகையில் இருந்தவர் யாருடைய ஆள்?

அந்த வழக்கில் விபத்தை யாரும் மறுக்கவில்லை. லோரி கவிழ்ந்தது. ஓட்டியவர் என் கட்சிக்காரர். பின்னால் பாத்திரங்களோடு உட்கார்ந்து வந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எதிரே வேறு வண்டி வராததால் பழியில் பங்கு கேட்கவும் ஆளில்லை. இவ்வளவும் முதலிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டவை. பிறகு எதற்காக மூவாரில் இரண்டு நீதிமன்றங்களில் கோப்பு திறந்தோம்? ஒரே கேள்விக்காக. பின்பலகையில் இருந்த அந்த அம்மா யாருடைய ஆள்?

விடை ஒரு பக்கம் சாய்ந்தால் இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கும். மறுபக்கம் சாய்ந்தால் என் கட்சிக்காரர் வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டும். இரண்டும் நடக்காமல் போனால், அந்த அம்மாவின் கையில் ஒரு தீர்ப்புக் காகிதம் மட்டும் இருக்கும்.

சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் தங்காக் வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் பெயர்களை விட்டுவிட்டேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். சட்டத்தில் கை வைக்கவில்லை.

தங்காக்கை வெளியூர்க்காரர்கள் துணிக்கடைகளால் அறிவார்கள். பெருநாள் நெருங்கினால் மலாக்காவிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் துணி எடுக்க வருவார்கள். நாங்கள் அந்த ஊரை லோரிகளாலும் அறிவோம். லேடாங் மலையின் அடிவாரத்தில், மூவாரையும் சிகாமட்டையும் இணைக்கும் 23ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் சாகில், புக்கிட் கம்பிர், செரோம் என்று தோட்டமும் கம்பமுமாக ஊர்கள். காய்கறி, அரிசி, சிமெண்டு, நாற்காலி, கூடாரம் எல்லாம் சின்னச் சின்ன லோரிகளில்தான் போய்ச் சேரும். ஒரு கடைக்கு ஒரு லோரி. அந்த லோரி கடைக்காரருக்கு மட்டும் ஓடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறினால் கட்டிலை ஏற்றும், கோவில் திருவிழாவுக்கு ஜெனரேட்டரை ஏற்றும், துக்க வீட்டுக்குப் பந்தல் சாமான் கொண்டுபோகும். ஊர் வழக்கம் அப்படி. வழக்கு பிறந்ததும் அங்கிருந்துதான்.

என் கட்சிக்காரர் காய்கறி மொத்த வியாபாரி, அறுபதை நெருங்கியவர். 3 டன் லோரி ஒன்று வைத்திருந்தார். இரண்டாம் கையாக வாங்கியது, வயது 12. பெர்மிட் ‘சி’. லோரித் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் சரக்கு வண்டி உரிமம் இரண்டு வகை. கூலி வாங்கிக்கொண்டு பிறர் சரக்கை ஏற்ற ‘ஏ’. சொந்த வியாபாரச் சரக்கை மட்டும் ஏற்ற ‘சி’. அவர் ஏற்றியது தன் காய்கறியை. ஆகவே ‘சி’ அவருக்குப் பொருத்தமானதுதான், அந்தச் சனிக்கிழமை வரை.

2018ஆம் ஆண்டு, முகூர்த்த மாதம். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணச் சமையல் காண்ட்ரேக்ட் எடுப்பவர். சிகாமட்டில் ஒரு மண்டபத்தில் வேலை. விடியற்காலையில் அவருடைய வேன் கிளம்பவில்லை. ஓடி வந்து கதவைத் தட்டினார். வியாபாரி மறுக்கவில்லை. அண்டா, குண்டான், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் ஏறின. சமையலுக்கு உதவும் மூன்று பெண்களும் பின்னால் ஏறினார்கள். முன்னால் வியாபாரியும் அவருடைய லோரி உதவியாளான கெலிண்டானும். சமையல்காரர் மோட்டார் சைக்கிளில் முன்னே போய்விட்டார். கிளம்பும் முன் டீசலுக்கென்று 150 வெள்ளியை வியாபாரியின் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனார்.

மழை. சாகிலைத் தாண்டி ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கி லோரி சாலையோரக் கால்வாயில் சரிந்தது. இரண்டு பெண்களுக்குச் சிராய்ப்பு. கெலிண்டானுக்குத் தோள்பட்டை எலும்பில் முறிவு. மூன்றாவது பெண் அண்டாக்களுக்கு அடியில் சிக்கிக்கொண்டார். மூவார் சுல்தானா ஃபாத்திமா மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் தடி இல்லாமல் நடக்கவில்லை.

வியாபாரி என்னிடம் வந்தபோது ஒரு நெகிழிப் பையில் எல்லாக் காகிதமும் வைத்திருந்தார். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்திருந்தார். ரோட்டேக்ஸ் உயிரோடு இருந்தது. புஸ்பாகோம் வண்டிச் சோதனை முடிந்த சீட்டு இருந்தது. சரக்கு வண்டி ஓட்டும் ஜி.டி.எல். உரிமம் காலாவதியாகவில்லை. காப்புறுதிச் சான்றிதழும் இருந்தது.

“தம்பி, நான் தேர்ட் பார்ட்டி எடுக்கல. ஃபர்ஸ்ட் பார்ட்டி. ஃபுல் இன்சூரன்ஸ். அப்புறம் எதுக்கு இந்தக் கடிதம்?”

அவர் நீட்டியது காப்புறுதி நிறுவனத்தின் மறுப்புக் கடிதம். மூன்று காரணங்கள். ஒன்று, சொந்தச் சரக்குக்கான வண்டியைப் பணம் வாங்கிக்கொண்டு பிறருக்கு ஓட்டியது, பாலிசியில் உள்ள பயன்பாட்டு வரம்பை மீறியது. இரண்டு, சரக்கு வண்டிப் பாலிசி பயணிகளைக் காக்காது. மூன்று, அனுமதிக்கப்பட்டதைவிட அதிகம் பேர் ஏறியிருந்தார்கள். ஆகவே லோரியின் சேதத்துக்கும் பணம் கிடையாது, காயம்பட்டவர் தொடுக்கும் வழக்குக்கும் பொறுப்பில்லை. கடைசியில் ஒரு வரி: சட்டத்தின் கட்டாயத்தால் எதையாவது கொடுக்க நேர்ந்தால் அதை உங்களிடம் வசூலிக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறோம்.

150 வெள்ளி விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நிறுவனத்தின் அட்ஜஸ்டர் விசாரிக்க வந்தபோது இவரே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாமே என்று அவருடைய மகன் குறைப்பட்டுக்கொண்டான். சொல்லியிருந்தால் அந்தப் பொய் வேறொரு வாயில் உடைந்து, கடைசியில் எதையும் நம்பவைக்க முடியாமல் போயிருக்கும். அந்த வாக்குமூலம் அவருடைய ஒரு கோரிக்கையைக் கொன்றது, இன்னொன்றைக் காப்பாற்றியது.

முழுக் காப்புறுதி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் ஒரு தாளில் எழுதப்பட்ட இரண்டு ஒப்பந்தங்கள். ஒரு பாதி வண்டிக்கு ஏற்படும் சேதத்தைப் பற்றியது. அது உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள வியாபாரம். அதில் எழுதியிருப்பதுதான் சட்டம். மறு பாதி மூன்றாம் தரப்பினருக்கு நேரும் மரணத்தையும் காயத்தையும் பற்றியது. அதற்குள் நாடாளுமன்றம் கால் வைத்திருக்கிறது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவு அந்தக் காப்புறுதி இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கவே கூடாது என்கிறது. 91ஆம் பிரிவு அதில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 95ஆம் பிரிவு, பாலிசியில் எழுதப்பட்ட சில கட்டுப்பாடுகளைக் காட்டி மூன்றாம் தரப்பினரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது. 96ஆம் பிரிவு, தீர்ப்பு வந்தால் நிறுவனமே பணத்தைக் கட்ட வேண்டும் என்கிறது.

ஆகவே அவரிடம் முதலிலேயே சொன்னேன். “அண்ணே, லோரிக் காச மறந்துடுங்க. அதுக்காக சண்டை போட்டா பெரிய சண்டையில தோத்துடுவோம்.”

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இருபது வருடமாகப் பிரீமியம் கட்டுகிறேன், ஒரு தடவைகூட கிளெய்ம் செய்ததில்லை என்றார். அந்த இருபது வருடத்தில் யாராவது ஒருவர், “இந்த லோரி என்ன வேலையெல்லாம் செய்கிறது?” என்று கேட்டிருப்பார்களா என்றார். கேட்டதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏஜண்டு போன் செய்வார், இவர் பணத்தைக் கட்டுவார், கவர்நோட் வந்துவிடும். பாரத்தை நிரப்பியது ஏஜண்டு. கையெழுத்து மட்டும் இவருடையது.

இங்கேதான் வியாபார வண்டிக்காரர்கள் அறியாத ஒரு கோடு இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 9ஆவது அட்டவணை காப்புறுதி வாங்குபவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர் பயனீட்டாளர். நிறுவனம் கேட்ட கேள்விக்குத் தவறான பதில் தராமல் இருக்க அவர் நியாயமான கவனம் எடுக்க வேண்டும். தொழிலுக்காக வாங்குபவர் பயனீட்டாளர் ஆகமாட்டார். நிறுவனத்தின் முடிவைப் பாதிக்கும் என்று தனக்குத் தெரிந்ததையும், அவர் நிலையில் உள்ள நியாயமான ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதையும் அவராகவே சொல்ல வேண்டும். ஒரே தெருவில், ஒரே ஏஜண்டிடம், காருக்கும் லோரிக்கும் காப்புறுதி எடுக்கும் மனிதர் முதல் தாளில் கேட்டதற்குப் பதில் சொல்பவர். இரண்டாவது தாளில் கேட்காமலே சொல்ல வேண்டியவர். இதை அவரிடம் சொன்னபோது, “அப்ப வியாபாரின்னா அவனுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிறாங்களா?” என்றார். சட்டம் அப்படித்தான் நினைக்கிறது.

கோரிக்கை ஏற்கப்பட்டிருந்தாலும் அவர் எதிர்பார்த்த தொகை வந்திருக்காது என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய வண்டிக்குப் புதிய பாகம் போடும்போது, அதனால் வண்டியின் மதிப்பு கூடுகிறது என்று உரிமையாளரிடம் ஒரு பங்கு பிடிப்பார்கள். 5 வயது வண்டிக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, 10 வயதுக்கு மேல் 40 விழுக்காடு வரை போகும். இவருடைய லோரிக்கு 12 வயது. பிரீமியத்தை மிச்சப்படுத்த வண்டியின் மதிப்பையும் சந்தை விலையைவிடக் குறைத்துப் போட்டிருந்தார். அப்படிச் செய்தால் குறைத்த விகிதத்துக்கு ஏற்ப நட்டத்தில் ஒரு பகுதியை உரிமையாளரே சுமக்க வேண்டியிருக்கும். கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடியும் சொந்தக் காருக்கு 55 விழுக்காடு வரை ஏறும்போது, சரக்கு வண்டிக்கு 25 விழுக்காட்டில் நின்றுவிடும். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தபின் அவர் லோரியைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

கெலிண்டான் விஷயம் சுலபமாக முடிந்தது. அவர் இவருடைய ஊழியர், வேலை நேரத்தில் காயம். சொந்த ஊழியரின் காயத்தை வண்டிப் பாலிசி காக்க வேண்டியதில்லை என்று 91ஆம் பிரிவே விலக்கு தருகிறது. அந்த இடத்தில் ஊழியர் விபத்துக் காப்பான சொக்சோ இருக்கிறது. வியாபாரி சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருந்தார். வேலைக்குப் போகமுடியாத நாள்களுக்குச் சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு கெலிண்டானுக்குக் கிடைத்தது. 1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி அவர் முதலாளி மேல் வழக்குத் தொடுக்க முடியாது, தொடுக்கவும் இல்லை.

மிஞ்சியது அந்த அம்மாவின் வழக்கு. அவருடைய வழக்கறிஞர் விவரமானவர். வழக்குப் பதிவதற்கு முன்பே காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பிவிட்டார். வழக்கு தொடங்குவதற்கு முன்போ, தொடங்கிய 7 நாளுக்குள்ளோ அந்த அறிவிப்பு போகாவிட்டால், தீர்ப்புப் பணத்தை 96ஆம் பிரிவின்கீழ் நிறுவனத்திடம் கேட்க முடியாது. வழக்கை மூவார் செஷன்ஸ் நீதிமன்றத்தில் போட்டார். சாலை விபத்து வழக்குகளுக்கு அங்கே தொகை வரம்பு கிடையாது. நிறுவனம் உடனே மூவார் உயர்நீதிமன்றத்துக்குப் போய், அந்த வழக்கில் வரும் தீர்ப்புக்குத் தான் பொறுப்பில்லை என்று அறிவிக்கும்படி கேட்டது. வியாபாரி இரண்டு இடத்திலும் பிரதிவாதி.

மூன்று காரணங்களில் மூன்றாவது முதலில் விழுந்தது. எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு எடை, வண்டியின் நிலை என்ன, எந்த நேரத்தில் ஓடியது என்பவை 95ஆம் பிரிவின் பட்டியலில் இருப்பவை. பாலிசியில் என்ன எழுதியிருந்தாலும் காயம்பட்டவரிடம் அவற்றைக் காட்ட முடியாது. பின்பலகையில் ஆள் ஏற்றியதற்குப் போலீஸ் சம்மன் தனியாக வந்தது. அதை வியாபாரி கட்டினார்.

இரண்டாவது காரணத்தில்தான் வழக்கின் உயிர் இருந்தது. எல்லாப் பயணியையும் காக்க வேண்டும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. கட்டணம் வாங்கி ஏற்றிச் செல்லப்படும் பயணிக்கும், ஊழிய ஒப்பந்தத்தின் காரணமாகவோ அதை நிறைவேற்றவோ ஏற்றிச் செல்லப்படும் பயணிக்கும் மட்டுமே கட்டாயக் காப்பு. ‘வா, ஏறிக்கோ’ என்று சும்மா ஏற்றிக்கொண்டவர் வெளியே நிற்கிறார். அப்படியானால் அந்த அம்மாவுக்கு மூன்று இடங்களில் ஒன்றுதான். வியாபாரியின் ஊழியர் என்றால் பாலிசிக்கு வெளியே. சும்மா ஏறியவர் என்றாலும் வெளியே. சமையல்காரரின் ஊழியராக, அந்த வேலைக்காகவே ஏற்றிச் செல்லப்பட்டவர் என்றால் உள்ளே.

நிறுவனத்தின் வழக்கறிஞர் திறமைசாலி. ஊழிய ஒப்பந்தம் என்றால் அது வண்டி உரிமையாளரோடு இருக்க வேண்டும், வேறு யாரோ ஒருவரின் கூலியாளை ஏற்றியது இந்தப் பாலிசியைக் கட்டாது என்றார். பலம் சேர்க்க இந்தியத் தீர்ப்பைக் கொண்டுவந்தார். சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்குக் காப்புறுதி நிறுவனம் பொறுப்பில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது, அதற்கு மூன்றாண்டுக்கு முன் தானே சொன்னதை மாற்றிக்கொண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவையும், சரக்கின் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் உள்ளே சேர்த்த 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் வைத்து எழுதப்பட்டது. நம்முடைய வாசகத்தின் தாய்வீடு 1930ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அந்த வாசகத்துக்குப் பொருள் சொன்ன வழக்கு 1937இல் இலண்டன் பிரபுக்கள் சபையில் முடிந்த இஸ்ஸார்ட் வழக்கு. கட்டட வேலைக்காரர்களை ஏற்றிச் சென்ற லோரி, இறந்துபோன ஒரு தொழிலாளி, அவருக்கும் லோரிக்காரருக்கும் எந்த ஊழிய ஒப்பந்தமும் இல்லை. ஒப்பந்தம் வண்டிக்காரரோடுதான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஏற்றிச் சென்றதற்கு வேலை காரணமா என்பதே கேள்வி என்று பிரபுக்கள் சபை முடிவு செய்தது. கல்யாணச் சமையலுக்குப் போகும் தங்காக் பெண்ணுக்கும் அந்தத் தொழிலாளிக்கும் இடையில் 81 ஆண்டும் ஒரு பெருங்கடலும் இருந்தன. நிலைமை ஒன்றுதான்.

சட்டம் கிடைத்துவிட்டது, சாட்சியம் கிடைக்கவில்லை. அந்த அம்மா தன் ஆள் என்று சமையல்காரர் சொல்ல வேண்டும். அவர் வாய் திறக்க மறுத்தார்.

“அது எங்க அக்கா மாதிரிங்க. உதவிக்கு வரும். கையில ஏதாவது குடுப்பேன். சம்பளம்னு சொல்ல முடியாது.”

அவருடைய பயம் புரிந்தது. ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி சொக்சோ எங்கே, ஈ.பி.எஃப். எங்கே என்று வரும். ஆனால் ‘உதவிக்கு வந்தவர்’ என்ற அந்தச் சொல்தான் நிறுவனத்துக்கு வேண்டியது. உதவிக்கு வந்தவர் சும்மா ஏறியவர். சும்மா ஏறியவருக்குப் பாலிசியில் இடமில்லை. நான் அவருக்கு வழக்கறிஞர் இல்லை. என் கட்சிக்காரரின் நலனும் அவருடைய நலனும் வேறு. வேறு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பினேன். இரண்டு வீட்டுக்கும் இடையே பேச்சு நின்றுபோனது. வேலியோரம் பகிர்ந்துகொண்ட கறிவேப்பிலைச் செடியைக்கூட யாரோ வெட்டிவிட்டதாக வியாபாரி வருத்தப்பட்டார்.

சில வாரம் கழித்து சமையல்காரர் தன் வழக்கறிஞரோடு வந்தார். கையில் ஒரு 555 நோட்டு. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த நோட்டைத் தெரியும். சட்டைப்பையில் அடங்கும், மளிகைக்கடைக் கடன் முதல் சீட்டுப் பணம் வரை எல்லாம் அதில் ஏறும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். மண்டபம், தேதி, எத்தனை பேருக்குச் சாப்பாடு, பிறகு உதவியாளர்களின் பெயர், பெயருக்கு நேரே 80 என்று நாள் கூலி. அந்த அம்மாவின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. சில இடத்தில் முன்பணம் கழிக்கப்பட்டிருந்தது. விபத்து நடந்த நாளுக்கான பக்கத்தில் பெயர் எழுதியிருந்தது, 80 எழுதவில்லை.

எது அவருடைய மனத்தை மாற்றியது என்று நான் கேட்கவில்லை. அவருடைய வழக்கறிஞர் சொன்னது இதுதான்: கட்டாத சந்தாவுக்கான அபராதத்தைக் கட்டி முடித்துவிடலாம், நடக்க முடியாத பெண்ணுக்கு எதிராகச் சத்தியம் செய்துவிட்டு அதே ஊரில் சமையல் ஒப்பந்தம் எடுக்க முடியாது.

நோட்டின் பக்கங்கள் சத்தியப்பத்திரத்தோடு நீதிமன்றத்துக்குப் போயின. கூலி இருந்தது, வேலையின் இடம் இருந்தது, போய்ச்சேரும் வழியை முதலாளியே ஏற்பாடு செய்தார் என்பதும் இருந்தது. இரண்டாவது காரணத்தில் நிறுவனத்தின் குரல் தணிந்தது.

முதல் காரணம் மட்டும் எங்களைக் குத்திக்கொண்டே இருந்தது. வாடகைக்கு ஓட்டியதை நிரூபித்துவிட்டால் அந்த ஓட்டமே பாலிசிக்கு வெளியே என்று அவர்கள் வாதாடலாம். நாங்கள் 1971இல் பிரபுக்கள் சபை முடித்த ஆல்பர்ட் வழக்கைப் பிடித்துக்கொண்டோம். துறைமுகத் தொழிலாளர்களைக் காசு வாங்கிக்கொண்டு தினமும் காரில் ஏற்றிச் சென்றவரைப் பற்றியது அது. அண்டை அயலாரின் உபகாரத்தைத் தாண்டி, முறையான ஏற்பாடாக ஆள் ஏற்றினால்தான் அது கட்டணப் பயணம் என்று அங்கே அளவுகோல் வைத்தார்கள். அந்த மனிதர் அந்த எல்லையைத் தாண்டியவர். எங்கள் வியாபாரி தாண்டவில்லை என்றோம். ஒரே ஒரு தடவை, அவசரத்துக்கு, கேட்காமல் கொடுத்த டீசல் காசு. மறைக்காமல் அவர் அட்ஜஸ்டரிடம் சொன்ன வாக்குமூலம் இங்கே கைகொடுத்தது. 150 வெள்ளியை ஒப்புக்கொண்டவர், இதற்கு முன் வாங்கியதில்லை என்று சொன்னபோது அதை நம்ப முடிந்தது. ஆனால் பாத்திரச் சரக்கைப் பற்றி நிறுவனம் கேட்டதற்கு எங்களிடம் வலுவான பதில் இல்லை. பிறர் சரக்கு, பணம், ‘சி’ பெர்மிட் மூன்றும் ஒரே வண்டியில் இருந்தன. தீர்ப்புக்கு விட்டிருந்தால் எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் பேசினோம். உடன்பாடு மூன்று வரியில் முடிந்தது. அந்த அம்மாவின் இழப்பீட்டை நிறுவனம் கொடுக்கும். வியாபாரி லோரிச் சேதத்துக்கான கோரிக்கையைக் கைவிடுவார். கொடுத்த பணத்தை வியாபாரியிடம் திருப்பிக் கேட்கும் உரிமையை நிறுவனம் கைவிடும். உயர்நீதிமன்ற மனு திரும்பப் பெறப்பட்டது. செஷன்ஸ் நீதிமன்றத்தில் இரு தரப்பும் இசைந்து தீர்ப்புப் பதிவானது. மூன்றாவது வரியை வாங்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அது இல்லாமல் போயிருந்தால் நிறுவனம் ஒரு கையால் கொடுத்து, வியாபாரியின் வீட்டிலிருந்து மறு கையால் எடுத்திருக்கும். உடன்பாடு பேசும் லோரிக்காரர்கள் இந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டும். தானாக யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

அந்த அம்மாவுக்குக் கிடைத்தது வலிக்கும் செலவுக்குமான பணம். இனிமேல் சம்பாதிக்க முடியாததற்குச் சட்டம் எதுவும் தரவில்லை. விபத்தின்போது அவருக்கு வயது 56. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு அப்போது, 55 வயதை எட்டியவருக்கு எதிர்கால வருமான இழப்பு கிடையாது என்று சொன்னது. 2019 செப்டம்பரில்தான் அந்த வயது 60 ஆனது. அண்டா தூக்கிக் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு 55 வயதில் உழைப்பு முடிந்துவிடும் என்று யாரோ எங்கோ வைத்த கணக்கு.

இந்த வழக்குக்குப் பிறகு வியாபார வண்டிக்காரர்கள் வந்தால் நான் சொல்லும் முதல் செய்தி மாறிவிட்டது. முன்பெல்லாம் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்பேன். இப்போது வண்டி என்ன வேலை செய்கிறது என்று கேட்கிறேன். வியாபாரப் பாலிசியில் காக்கப்படுவது, வண்டி செய்வதாக நாம் சொல்லி வைத்திருக்கும் வேலைதான். சொல்லாத வேலையைச் செய்யும் நேரத்தில் அதே வண்டி, அதே ரோட்டேக்ஸோடு, பாதி காப்புறுதியோடு ஓடுகிறது. இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு இதை அரசாங்கமே உறைக்கச் சொன்னது. 2019 ஜூலை முதல் சொந்தக் காரில் பயணி ஏற்றுபவர்களுக்குத் தனி உரிமமும் தனிக் கூடுதல் காப்புறுதியும் கட்டாயமாகின. காலையில் மகளைப் பள்ளியில் விடும் காரும், பத்து மணிக்கு ஆப்பில் வந்த பயணியை ஏற்றும் காரும் காப்புறுதியின் கண்ணில் ஒன்றல்ல என்று எல்லோருக்கும் புரிந்தது. சின்ன லோரிக்காரர்களிடம் அப்படி யாரும் உரக்கச் சொன்னதில்லை.

சட்டத்தின் மேலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. சும்மா ஏறிய பயணியை வெளியே நிறுத்தும் அந்த விலக்கை நமக்குக் கொடுத்த இங்கிலாந்து, 1971இல் தனிச் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டது. அங்கே எந்தப் பயணிக்கும் கட்டாயக் காப்பு உண்டு. நாம் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மாவுக்கு நீதி கிடைத்தது ஒரு 555 நோட்டில் பெயர் இருந்ததால். அன்று அதே லோரியில் கல்யாணம் பார்க்கப் போகும் உறவுக்காரப் பெண் ஒருவர் ஏறி, அதே எலும்பு முறிந்திருந்தால், நான் எந்த வழக்கைக் காட்டியும் அவரை உள்ளே கொண்டுவந்திருக்க முடியாது. ஏறிய காரணத்தைப் பொறுத்து எலும்பின் விலையை மாற்றும் விதி நாடாளுமன்றம் திருத்த வேண்டியது, நீதிமன்றம் வளைக்க வேண்டியதல்ல.

அதுவரை, லோரியோ வேனோ வைத்துத் தொழில் செய்கிறவர்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை ஏஜண்டு போன் செய்யும்போது பிரீமியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், வரும் 12 மாதத்தில் இந்த வண்டி எதை ஏற்றும், யாருடைய சரக்கை ஏற்றும், ஆள் ஏறுவார்களா, ஏறினால் யாருடைய ஆள், காசு கைமாறுமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். இதற்கெல்லாம் காப்பு உண்டா, இல்லாவிட்டால் எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக் கவர்நோட்டோடு சேர்த்து வையுங்கள். சொல்ல வேண்டிய கடமை உங்களுடையது என்று சட்டம் சொல்லிவிட்டது. சொன்னதற்கான சாட்சியை வைத்திருப்பதும் உங்கள் வேலைதான்.